பிரித்தால் போச்சு

டல்லாஸ் பக்கம் குடியிருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஹெரிடேஜ் ஏல நிறுவனம் இருக்கும் ஊர் இது. 2021 ஜூலையில் அவர்கள் நடத்திய ஏலத்தில்தான் சூப்பர் மாரியோ 64 என்ற வீடியோ கேம் ஒன்று, கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அதற்கு இரண்டு நாள் முன்னால் லெஜண்ட் ஆஃப் செல்டா 8 லட்சத்து 70 ஆயிரத்துக்குப் போயிருந்தது. இங்கே இருக்கிற தமிழர்கள் பலரும் அந்தச் செய்தியைப் படித்து, "காசு கொழுத்தவனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். என் மனைவியின் தம்பி மட்டும் போகவில்லை.

"அத்தான், தங்கத்துல போடுறவன் முட்டாள்," என்றான் அந்த வாரமே.

சூப்பர் மாரியோ 64 ஒன்றும் அபூர்வமான பொருள் இல்லை. 1996இல் வந்து, உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்ற கேம். வெறும் கேசட் போதுமென்றால் முப்பது நாற்பது டாலருக்குக் கிடைக்கும். மிச்சப் பதினைந்து லட்சமும் மேலே சுற்றிய பிளாஸ்டிக்குக்கு என்றுதான் எனக்குப் பட்டது. அதைச் சொன்னதும் மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். வாட்டா என்றொரு நிறுவனம் இருக்கிறதாம். பெட்டியை அனுப்பினால் அட்டைக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குத் தனியாக சி-யிலிருந்து ஏ பிளஸ் பிளஸ் வரை ஒரு கிரேடும் போட்டு, அக்ரிலிக் கூண்டுக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த 15 லட்சத்துப் பெட்டி 9.8, ஏ பிளஸ் பிளஸ். "மூலையில ஒரு மயிரிழை மடிப்பு இருந்தாக்கூட விலை பாதியாயிடும் அத்தான்."

சரி, இவ்வளவு கூத்தும் எப்படி ஆரம்பித்தது? 2019 பிப்ரவரியில் ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் பெட்டி 1,00,150 டாலருக்கு விற்றது. ஒரு வீடியோ கேம் லட்சம் டாலரைத் தொட்டது என்று செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. வாங்கியவர்கள் மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்தவர்கள். அதில் ஒருவர் ஹெரிடேஜ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்புறம் கொரோனா வந்தது. வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்குச் சின்ன வயது ஞாபகம் வந்தது, அரசாங்கம் கொடுத்த காசும் கையில் இருந்தது. நாணயம், காமிக்ஸ் என்று ஏற்கெனவே கை நனைத்தவர்கள் இந்தப் பக்கமும் வந்தார்கள். 2021 ஏப்ரலில் ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 6 லட்சத்து 60 ஆயிரத்துக்குப் போனது. அது 1986இல் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கி, மேசை டிராயரில் போட்டு, 35 வருடம் மறந்துபோன பெட்டி. ஆகஸ்டில் இன்னொன்று 20 லட்சம். அதை ராலி என்ற கம்பெனி முந்தின வருடம் 1,40,000 டாலருக்கு வாங்கி, ஷேர் ஷேராகப் பிரித்துப் பொதுமக்களுக்கு விற்று வைத்திருந்தது. ஒருத்தரும் விளையாட முடியாத ஒரு கேமுக்கு ஊர்பட்ட முதலாளிகள்!

அந்த ஆகஸ்டில்தான் மச்சானும் களத்தில் இறங்கினான். பழைய நின்டெண்டோ விளையாட்டுக் கருவிக்கான, பிரிக்காத கேம் பெட்டி ஒன்று, 1,800 டாலர். கேமின் பெயரைச் சொன்னால் டல்லாஸில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும், வேண்டாம். பெட்டி வந்த அன்றைக்கு ராத்திரி டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்துவிட்டான். பின்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டு எச் எழுத்து வடிவத்தில் இருக்க வேண்டுமாம். அப்படி இருந்தால் கம்பெனி சீல். இல்லாவிட்டால் எவனோ வீட்டில் பழைய பெட்டியை வைத்து ஹேர் டிரையரால் சுற்றிய போலி. எச் இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டுதான் எனக்கே காட்டினான். நான் தும்மினேன் என்பதற்காக என்னை ஹாலுக்கு அனுப்பிவிட்டான்.

பிறகு அதை கிரேடிங்குக்கு அனுப்பினான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்ன தேதி போய், அடுத்த தேதி போய், தீபாவளி போய், பொங்கலும் போனது. கடைசியில் வந்த அக்ரிலிக் கூண்டில் 8.0, பி பிளஸ் என்று போட்டிருந்தது. இவன் எதிர்பார்த்தது 9.4. அன்றைக்கு அவன் சோறு சாப்பிடவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்தபோதுகூடத் தன் தம்பி இப்படி உட்காரவில்லை என்றாள் என் மனைவி. சின்னப் பிள்ளையில் வீட்டில் விளையாட விடாமல் அடக்கி வைத்த வினைதான் இது என்பது அவளுடைய கட்சி.

2022 ஏப்ரலில் அத்தை அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இறங்கினார். நியாயமாகப் பார்த்தால் இந்த வியாபாரத்தை அவரைப் போலப் புரிந்துகொள்ளக்கூடியவர் யாருமில்லை. அம்பையில் அவர் வீட்டு டிவி ரிமோட் இன்றுவரை பாலிதீன் கவருக்குள்தான் இருக்கிறது. கார் வாங்கி ஆறேழு வருடம் ஆகியும் சீட்டில் கம்பெனி பிளாஸ்டிக் சரசரக்கும், வெயில் காலத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் மகன் அறையில் வெயில் படாத அலமாரியில் கூண்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது.

"இதுக்குள்ள என்னல இருக்கு?"

"கேம்மா."

"வெளாண்டு பாத்தியா?"

"பிரிச்சா போச்சும்மா. விலையே போயிரும்."

"பிரிக்காம உள்ள இருக்குன்னு எப்படில தெரியும்?"

"எடை இருக்கும்மா."

"செங்கல்லுக்கும்தான் எடை இருக்கு."

மச்சான் உதவிக்கு என்னைப் பார்த்தான். நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன். அத்தை விடவில்லை. மார்க் போட்டவன் யார், கூலி எவ்வளவு என்று கேட்டார். பொருளின் மதிப்பு கூடக் கூட கிரேடிங் கட்டணமும் கூடும் என்று இவன் ஏதோ பெருமை போலச் சொன்னான்.

"ஏல, நக விலை கூடினா உரசிப் பாக்கவனுக்குக் கூலியும் கூடும்னு வச்சுக்கோ. அவன் கல்லுல எல்லாமே பத்தரை மாத்துதான்."

கார்ல் ஜாப்ஸ்ட் என்ற ஆஸ்திரேலிய யூடியூபர் 2021 ஆகஸ்டில் ஒரு நீண்ட வீடியோ போட்டு, வாட்டாவும் ஹெரிடேஜும் சேர்ந்து விலையை ஏற்றிவிடுகிறார்கள் என்று குற்றம் சாட்டியிருந்தார். இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. அவர் படம் போட்டு விளக்கியதில் ஒரு பகுதியை அத்தை கூடத்தில் நின்றபடி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அந்த சனிக்கிழமை அத்தைக்கு அமெரிக்காவைக் காட்டலாம் என்று, அவரவர் வீட்டுப் பழைய சாமானை வாசலில் போட்டு விற்கும் கராஜ் சேலுக்குக் கூட்டிப் போனோம். மச்சானும் வந்தான், கண்ணில் வேட்டைக் களை. ஒரு வீட்டு வாசலில், அரை டிராயர் போட்ட பெரியவர் ஒருவர் மடக்கு மேசையில் ஒரே ஒரு கேசட்டை வெல்வெட் துணியின் மேல் வைத்திருந்தார். பக்கத்தில், 20 லட்சத்துக்கு மாரியோ விற்ற செய்தியைப் பிரிண்ட் எடுத்து செலோ டேப்பால் ஒட்டியிருந்தார். விலை 5,000 டாலர். "நான் ஒன்றும் பேராசைக்காரன் இல்லை" என்று வேறு சொன்னார். கேசட்டைப் பார்த்ததும் மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூப்பர் மாரியோவும் டக் ஹன்ட்டும் ஒன்றாக இருக்கும் கேசட். அந்தக் காலத்தில் நின்டெண்டோ கருவியோடேயே கொடுத்தது, வீட்டுக்கு வீடு கிடந்தது. பதினைந்து டாலருக்கு மேல் போகாது. போதாததற்கு முதுகில் அழியாத மையில் யாரோ ஒரு பையன் பெயர் எழுதியிருந்தது. அவர் பேரனாக இருக்கலாம்.

மச்சான் பொறுமையாகப் பெட்டி, சீல், கிரேடு என்று பாடம் எடுத்தான். பெரியவர் எல்லாம் கேட்டுவிட்டு 4,800 என்றார். அத்தை தமிழிலேயே, "அஞ்சு டாலர் தாரேன்னு சொல்லுல," என்றார். கடைசியில் அதே மேசைக்குக் கீழே இருந்த கண்ணாடி ஊறுகாய் ஜாடியை மூன்று டாலருக்குப் பேசி முடித்தார். அந்தச் சந்தையில் அன்றைக்கு நடந்த நியாயமான வியாபாரம் அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது மச்சான் தன் கட்சியை நிலைநாட்ட அட்டாரி கதையை எடுத்தான். 1983இல் அட்டாரி என்ற வீடியோ கேம் கம்பெனி விற்காத கேசட்டுகளை எல் பாசோ கிடங்கிலிருந்து, ஆம், நம் டெக்சஸ்தான், லாரி லாரியாக ஏற்றி, நியூ மெக்சிகோவில் ஆலமகோர்டோ என்ற ஊர்க் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. ஈ.டி. என்ற கேம் அதில் பேர்போனது. ஐந்தாறு வாரத்தில் அவசர அவசரமாக எழுதியது, வாங்கியவன் எல்லாம் திட்டினான். 2014இல் அதைத் தோண்டி எடுத்தார்கள். நசுங்கியும் மக்கியும் கிடந்ததில் தொள்ளாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கேசட்டுகளை அந்த ஊர் நிர்வாகம் விற்று, ஒரு லட்சம் டாலருக்கு மேல் பார்த்தது. ஒரு ஈ.டி. மட்டும் 1,500 டாலரைத் தாண்டியது.

"குப்பைக்கே இவ்வளவு காசும்மா!"

"அப்போ நீயும் குழி வெட்டிப் போடு."

மே மாதம் கலிஃபோர்னியாவில் வாட்டா மீது வழக்குப் போட்டார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு முன்பே விலை இறங்கத் தொடங்கியிருந்தது. இதில் மர்மம் ஏதுமில்லை. பத்து லட்சம் என்று பேப்பரில் வந்ததும் நாடெங்கும் பரணில், டிராயரில் கிடந்த பெட்டிகள் எல்லாம் கிரேடிங்குக்குக் கிளம்பிவிட்டன. உலகத்திலேயே ஒன்றுதான் என்று நினைத்து வாங்கியவனுக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு இருப்பது தெரிந்தது. விளையாடுவதற்காக வாங்குகிறவன் அந்த விலைக்கு எந்தக் காலத்திலும் வரப் போவதில்லை. இவனைப் போல இன்னொருவன் வர வேண்டும், வந்தவன் எல்லாம் விற்க வந்தவனாக இருந்தான். மச்சான் தன் கூண்டை விற்பனைக்குப் போட்டான். வந்த ஒரே விசாரிப்பு 600 டாலர், அதுவும் தபால் செலவு இவன் தலையில்.

இப்படி ஒரு ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான், மேசை டிராயரில் 35 வருடம் கிடந்த மாரியோ கதையை என் மனைவி அத்தைக்குச் சொன்னாள். அத்தை குருமாவை ஊற்றியபடியே, "சிங்கப்பூர்ல இருந்து பெரிய மாமா இவனுக்கு ஒண்ணு கொண்டாந்தாகளே, அது மாதிரியா?" என்றார்.

மச்சான் கையில் சப்பாத்தி அப்படியே நின்றது.

2003. மாமா சிங்கப்பூர் முஸ்தஃபாவில் வாங்கி வந்தது. கையில் வைத்து விளையாடும் கேம் பாய் அட்வான்ஸ் கருவி ஒன்று, அதோடு ஒரு போக்கிமான் கேசட். இவன் அப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சை முடியட்டும் என்று அத்தை வாங்கி உள்ளே வைத்தார். பத்து முடிந்ததும் பன்னிரண்டு. பன்னிரண்டு முடிந்ததும் கவுன்சிலிங். அப்புறம் காலேஜ், அரியர், வேலை, விசா. இவனே மறந்துவிட்டான்.

"அம்மா, அது எங்க?"

"எங்க போவும்? பீரோல, பட்டுச்சேலைக்கு நடுவுல. அந்துருண்டை போட்டு வச்சிருக்கேன்."

"பிரிச்சீங்களா?"

"நான் எதுக்குல பிரிக்கேன்?"

அடுத்த நிமிஷம் மாமனாருக்கு வாட்ஸப் வீடியோ கால் போனது. அம்பையில் காலை ஏழு மணி. பனியனோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பீரோ முன்னால் நிறுத்தினான். "அப்பா, மெதுவா எடுங்க, மூலையைத் தொடாதீங்க, பிரஷ்ஷைக் கீழ வைங்க!" அவர் கைப்பிடியை இரண்டு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, "பூட்டிருக்குல. சாவி உங்கம்மாட்டல்லா இருக்கு," என்றார்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அவர் எழுந்து போய்க் கைப்பையை எடுத்து வந்தார். அதிலிருந்து சாவி வரவில்லை, ஒரு கவர் வந்தது. உள்ளே நாலைந்து பெண்களின் படமும் ஜாதகமும்.

"மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க. முப்பத்திநாலு வயசாச்சு இவனுக்கு. நல்ல எடமா ஒண்ண முடிச்சா நான் பீரோவத் தொறக்க மாட்டேன்னா சொல்லுதேன்?"

மச்சான் கையைக் கழுவிவிட்டு வந்து முதல் படத்தை எடுத்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான்.

"எந்த ஊரும்மா?"

"தென்காசி. எம்.எஸ்சி. படிச்சிருக்கு. நல்ல குணம்."

"ம். அம்மா, அந்தக் கேசட் கலர் என்ன, நீலமா, சிவப்பா?"

"மொதல்ல பிள்ள மொகத்தப் பாருல."