மூன்று மாதம் மட்டும்

லிவர்பூலில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் நான். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, இன்சுலின் போடுவது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு முதுகுப் புண் வந்திருக்கிறதா என்று பார்ப்பது, இப்படியே பொழுது போய்விடும். வேலை முடிந்து செயின்ட் ஜான்ஸ் தோட்டம் வழியாக நடக்கும்போது ஒரு வெண்கலச் சிலையைத் தாண்டுவேன். இரண்டு வருஷமாகப் பெயரைக்கூடப் படித்ததில்லை. வில்லியம் ராத்போன். என் பிழைப்பே அவர் வீட்டுத் துக்கத்தில் தொடங்கியது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

1819-இல் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகக் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய வியாபாரக் குடும்பம். 1859-இல் மனைவி லுக்ரீஷியா நோயில் இறந்துபோனார். கடைசி நாட்களில் வீட்டிலேயே இருந்து கவனித்தவர் மேரி ராபின்சன் என்ற நர்ஸ். இத்தனை வசதியுள்ள நமக்கே இந்தப் பாடு என்றால் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற எண்ணம் ராத்போனை விடவில்லை. சம்பளம் நான் தருகிறேன், மூன்று மாதம் ஏழைகள் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள் என்று மேரியைக் கேட்டார்.

ஒரே மாதத்தில் மேரி அழுதுகொண்டு வந்து நின்றார். அந்தத் துன்பத்தைப் பார்க்கவே முடியவில்லையாம். எனக்கு இது புதிதில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், மின்கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டர் போடாமல், கோட்டும் தொப்பியுமாகப் படுத்திருந்த ஒரு பாட்டிக்குக் கட்டு மாற்றிவிட்டு, வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ராத்போன் மேரியைச் சமாதானப்படுத்தித் திரும்ப அனுப்பினார். மூன்று மாதம் முடிந்ததும், இனி இதுதான் என் வேலை என்று மேரியே சொல்லிவிட்டார்.

சரி, ஒரு மேரி போதுமா? பயிற்சி பெற்ற நர்ஸுகளே கிடைக்கவில்லை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் யோசனை கேட்டார் ராத்போன். நீங்களே பயிற்சி கொடுத்து உருவாக்குங்கள் என்றார் அவர். ஊரிலிருந்த ராயல் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரியோடு சேர்த்து ஒரு பயிற்சிப் பள்ளியைத் தன் செலவில் கட்டிக் கொடுத்தார் ராத்போன். அப்புறம் ஊரை 18 வட்டாரங்களாகப் பிரித்து, நர்ஸுகளை அனுப்பினார். வியாபாரி மூளை! இன்றைக்கும் எங்கள் வேலை வட்டாரக் கணக்கில்தான் ஓடுகிறது.

1868-இல் லிபரல் கட்சி சார்பில் எம்.பி. ஆனார். பார்லிமெண்டில் என்ன பேசினார் என்று தேடிப் படிக்க எனக்குப் பொறுமையில்லை. ஆனால் 1887-இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்குப் பெண்கள் திரட்டிக் கொடுத்த நிதியிலிருந்து 70,000 பவுண்டு, வீடு தேடிப் போகும் நர்ஸுகளுக்காக ஒதுக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்டவர்களில் ராத்போனும் ஒருவர். மேரியிடம் மூன்று மாதம் கேட்டு அப்போது 28 வருஷம் ஆகியிருந்தது.