முதல் அம்பு

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கடையில் உட்கார நேரம் கிடைக்காது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லால் மான் வேட்டையாடும் பருவம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கும். வருடம் முழுக்கப் பெட்டியில் கிடந்த வில்லை எல்லோரும் அதற்கு முந்தைய மூன்று வாரத்தில்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாண் நைந்திருக்கும், குறிபார்க்கும் சைட் ஆடும், அம்பின் இறகு ஒன்று பிய்ந்திருக்கும். லான்சிங்குக்கு வெளியே இருக்கும் இந்த வில் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. நாண் மாற்றுவது, அம்பை அளவுக்கு வெட்டுவது எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. இன்னும் பழகாதது, வில்லைத் திருப்பிக் கொடுக்கும்போது வருகிற ஒரு கேள்வி: "நான் தயார் என்று நினைக்கிறீர்களா?"

இந்தக் கேள்வியை அரசாங்கம் யாரிடமும் கேட்பதில்லை. 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். மானுக்கு எய்யும் அம்பின் முனை குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும். இப்படி விதிகள் உண்டு. ஆனால் குறி பார்த்து எய்யத் தெரியுமா என்று எய்யச் சொல்லிப் பார்க்க ஆள் கிடையாது. டென்மார்க்கில் வில் வேட்டைக்கென்றே தனித் தேர்வு இருக்கிறது. இங்கே அந்தத் தேர்வை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும். பலர் அதை எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் பயிற்சித் திடலில் வைத்துக்கொள்கிறார்கள்.

காலங்காலமாக இருக்கும் கணக்கு காகிதத் தட்டுதான். வெள்ளைவால் மான் பக்கவாட்டில் நிற்கும்போது, இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறக்குறைய 8 அங்குல வட்டம். விருந்துக்கு வாங்கும் சாதாரணக் காகிதத் தட்டு 9 அங்குலம். எந்தத் தூரம் வரை எல்லா அம்பும் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உன் தூரம் என்பார்கள். நானும் முதல் சில வருடங்கள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கில் தவறில்லை. அதை எப்போது, எந்த நிலையில் நின்று போடுகிறோம் என்பதை நான் யோசிக்கவில்லை.

கடைச் சுவரில் ஒரு பழைய ரிகர்வ் வில், அதாவது நுனி வளைந்த, சக்கரமில்லாத வில், தொங்குகிறது. இதே மாநிலத்தில் கிரேலிங் என்ற ஊரில் செய்தது. வில் தயாரிப்பாளர் ஃப்ரெட் பேர் 1947இல் தன் பட்டறையை டெட்ராய்டிலிருந்து அங்கே கொண்டுபோனார். 1978இல் அந்த நிறுவனம் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டது. எங்கள் முதலாளி அந்த வில்லில்தான் எய்யக் கற்றார். 50 பவுண்டு வில்லை முழுக்க இழுத்தால் அந்த 50 பவுண்டும் விரலில்தான் நிற்கும். ஒரு மாதத்தில் அதில் குறி வசப்படாது, வருடங்கள் பிடிக்கும். அந்த வருடங்களில் காற்று, நடுக்கம், அவசரம் எல்லாவற்றையும் ஆள் பார்த்துவிடுவார். பிறகு மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் சக்கரங்கள் வைத்த காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969இல் கிடைத்தது. இன்றைய காம்பவுண்ட் வில்லில் 60 பவுண்டை இழுத்து முடித்ததும் சக்கரம் உருண்டு, கையில் 12 பவுண்டு போலத்தான் நிற்கும். சைட்டில் ஒளிரும் பின், நாணில் எட்டிப்பார்க்கும் துளை, மணிக்கட்டில் நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ். கொஞ்சம் நிதானமான ஆள் ஒரே மாதத்தில் 30 கெஜத்தில் தட்டுக்குள் எய்துவிடுவார். நல்ல கருவிதான், நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் குறி முன்னாலேயே வந்துவிடுகிறது. மற்றதெல்லாம் வர நாளாகிறது.

எனக்கு அது புரிந்தது ஆறு வருடத்துக்கு முன்னால்.

ஒரு வாடிக்கையாளர், முப்பது வயது இருக்கும். ஜூலையில் வில் வாங்கினார், வாரம் மூன்று நாள் திடலுக்கு வந்தார். செப்டம்பர் நடுவில் 40 கெஜத்தில் அவர் எய்த ஆறு அம்புகளையும் ஒரு கையால் சேர்த்துப் பிடிக்க முடிந்தது. "நான் தயாரா?" என்றார். நான் அந்த அம்புக் கொத்தைப் பார்த்துவிட்டு, "என்னைவிட நன்றாக எய்கிறீர்கள், போய் வாருங்கள்" என்றேன்.

அக்டோபர் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஓர் அம்பைப் பணிமேசையில் வைத்தார். பிரித்தேன். சிவப்பு அதிகம் இல்லை. தண்டு முழுக்கப் பச்சையும் பழுப்புமாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது, இறகுக்கு நடுவில் அரைத்த புல்லின் துணுக்குகள். மூக்கருகே கொண்டுபோக வேண்டிய தேவையே இருக்கவில்லை. அம்பு குடலில் பட்டிருக்கிறது. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் 37 கெஜம் காட்டியதாம். தன் எல்லைக்குள் என்றுதான் எய்திருக்கிறார். மான் தலையைத் தூக்கி, காதை விடைத்து, அவர் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

விநாடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்புக்கு 40 கெஜம் கடக்க அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும். ஆனால் நாணின் சத்தம் அதில் கால் பங்கு நேரத்திலேயே மானின் காதுக்குப் போய்விடும். அசந்து மேயும் மான் ஒரு வேளை கவனிக்காது. விறைத்து நிற்கும் மான் ஓடுவதற்காக முதலில் காலை மடக்கித் தாழும், தாழ்ந்தபடியே திரும்பும். அம்பு வந்து சேரும்போது குறிவைத்த இடம் அங்கே இருக்காது. 20 கெஜத்தில் மானுக்கு இந்த அவகாசம் பாதிதான். திடலில் நிற்கும் ஃபோம் மானுக்குக் காது கேட்காது.

அடுத்த தப்பு, அரை மணி நேரத்தில் பரணிலிருந்து இறங்கித் தேடப் போனது. இரண்டு நுரையீரலும் அறுபட்ட மான் சில விநாடிகளில் விழுந்துவிடும், அரை மணி காத்திருந்தால் போதும். கல்லீரல் என்றால் நாலைந்து மணி நேரம். குடல் என்றால் எட்டு மணிக்குக் குறையாமல், பன்னிரண்டு ஆனாலும் சரி, அந்தப் பக்கமே போகக் கூடாது. மான் பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும், எழுப்பினால் போச்சு. அவர் எழுப்பிவிட்டார். இரவில் மழையும் பெய்தது. முதலாளி கடையைப் பூட்டினார், மூன்று பேரும் போனோம். அறுக்காத சோளக் கொல்லை, அதற்கப்பால் சம்பங்கோரை மண்டிய சதுப்பு. ஆறு மணி நேரம் நடந்தோம். அழுந்தி நசுங்கிய புல்லில் மான் படுத்த தடம் ஒன்று கிடைத்தது, அடியில் மழை எட்டாத இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த ரத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

திரும்பும்போது யாரும் பேசவில்லை. கடைக்கு வந்ததும் முதலாளி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அவருடைய முதல் அம்பு எங்கே விழுந்தது என்று பார்த்திருக்கிறாயா?"

பார்த்ததில்லை. எல்லோரும் வந்ததும் நாலு அம்பு எய்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்கள், பிறகு எய்வதைத்தான் நான் பார்ப்பேன். மானுக்கு எய்வது எப்போதும் முதல் அம்பு. மூன்று மணி நேரம் குளிரில் அசையாமல் உட்கார்ந்து, விரல் மரத்து, நெஞ்சு திமுதிமுவென்று அடிக்கும்போது எய்யும் முதல் அம்பு. அன்றிலிருந்து நான் கேட்பது அதை மட்டும்தான். வண்டியிலிருந்து இறங்கி நேராக வாருங்கள், ஒரே ஒரு அம்பு, வேட்டையில் போடப்போகும் அதே பிராட்ஹெட் முனையோடு, அதாவது வெட்டும் அலகுகள் வைத்த முனையோடு. எய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், நாளைக்கு வாருங்கள்.

பிராட்ஹெட் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. அகலமான அலகுகள் காற்றில் சிறகு மாதிரி வேலை செய்யும். வில் சற்றே பிசகியிருந்தாலும் பயிற்சி முனை அதை மறைத்துவிடும், பிராட்ஹெட் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு சட்டத்தில் காகிதத்தை விறைப்பாக ஒட்டி, ஆறடி தள்ளி நின்று அதன் ஊடே எய்யச் சொல்வேன். அம்பு நேராகப் போனால் ஒரு பொட்டும் மூன்று இறகுக் கீறலும் மட்டும் விழும். வால் ஆடினால் கிழிசல் ஒரு பக்கமாக நீளும். அந்தக் கிழிசலைச் சுருக்குவது என் வேலை. அது முடியாமல் குறியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பிறகு ஒரு நாற்காலியைப் போடுவேன். வேட்டைக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டோடு, பாதுகாப்புக் கச்சையும் மாட்டிக்கொண்டு உட்காரச் சொல்வேன். இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை வானத்தைப் பார்த்து உயர்த்தாமல், நேராக மெதுவாக இழுக்க வேண்டும். பெரிய தோள்காரர்கள்கூட இதில் திணறுவார்கள். அப்படியானால் வில்லின் இழுப்பு எடை அதிகம், 10 பவுண்டு குறைத்துவிடுவேன். சிலருக்கு இது மானப் பிரச்சினை. 50 பவுண்டு வில்லும் கூர்மையான முனையும் மானுக்குத் தாராளம் என்று சொல்லிப் புரியவைப்பேன். இழுத்தபின் ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்வேன், மான் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டால் அப்படித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். கடைசியில் எய்யாமல் சத்தமின்றித் தளர்த்திவிடச் சொல்வேன். இதை முன்பே பழகியவர்கள் மிகக் குறைவு.

மரத்தில் கட்டிய பரணில் ஏறினால் வேறு கணக்கு. 20 அடி உயரத்திலிருந்து கையை மட்டும் தாழ்த்தினால் குறி மாறும், இடுப்பை மடக்க வேண்டும். அம்பு உள்ளே போகும் இடத்தைவிட வெளியே வரும் இடத்தைத்தான் மனதில் வைக்க வேண்டும். மான் பரணின் காலடியிலேயே வந்து நின்றால் மிக எளிது என்று தோன்றும். அந்தக் கோணத்தில் ஒரு நுரையீரல்தான் கிடைக்கும், விட்டுவிடுவதே நல்லது. நேர் எதிரே நம்மைப் பார்த்து நிற்கும் மானும் அப்படித்தான். பக்கவாட்டில் நிற்பது நல்லது, பின்பக்கம் நம் பக்கமாகச் சற்றே திரும்பி அப்பால் பார்த்து நிற்பது அதைவிட நல்லது.

வெளிச்சத்தையும் சோதிப்பேன். சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை எய்ய இங்கே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் நாணில் இருக்கும் சின்னத் துளைக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும், பின் மட்டும் மினுங்கும், மான் தெரியாது. அந்த நேரத்தில் ஒருமுறை திடலில் நின்று பார்த்தவர் தானே கடிகாரத்தில் பத்து நிமிடம் குறைத்துக்கொள்வார்.

அந்த இளைஞர் மறுவருடமும் வந்தார். இருபது நாள், நாளுக்கு ஓர் அம்பு. தன் தூரத்தை 25 கெஜமாக்கிக்கொண்டார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

போன வருடம் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது தாண்டியவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், அதுதான் முதல் பருவம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தினமும் விடியற்காலை வேலைக்குப் போகும் முன் வீட்டுக் கொல்லையில் ஓர் அம்பு எய்து ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தார். செப்டம்பர் கடைசியில் அந்த நோட்டைக் காட்டினார். ஒரு நாள்: "தட்டுக்கு வெளியே. கையுறை ரிலீஸில் மாட்டியது." இன்னொரு நாள்: "வெளியே. பேருந்துக்கு நேரமாகிவிட்டதே என்ற நினைப்பு." பக்கத்தின் கீழே 22 என்று எழுதி வட்டமிட்டிருந்தார். தன் பரணைச் சுற்றி 22 கெஜத்தில் ஐந்து செடிகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டப்போவதாகச் சொன்னார். எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை, வில்லை எடுத்துக் கொடுத்தேன்.

டிசம்பரில் அம்பு வாங்க வந்தபோது அதே நோட்டு. நவம்பர் முதல் வாரம் ஒரு பெண்மான், 16 கெஜம், அறுபது கெஜம் ஓடி விழுந்திருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ரிப்பனுக்கு அப்பால் நின்று போன மான்களின் தூரத்தை வரிசையாக எழுதியிருந்தார். மொத்தம் ஏழு. 31, 26, 40 என்று போன அந்த வரிசையில் 24 என்ற எண்ணின் கீழே மட்டும் பேனா அழுந்த இரண்டு கோடு இழுத்திருந்தார்.