அழுத்தமானிப் பலகையும் கைமீற்றரும்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அழுத்தமானி என்ற அந்த நீளப் பலகை மறந்திராது. நாலு வரிசையாக ஓடும் 400 சென்ரிமீற்றர் கம்பி, 2 வோல்ற்று ஈயச் சேமிப்புக்கலம், சிறு ஓட்டத்தையும் திசையோடு காட்டும், நடுவில் பூச்சியம் உள்ள கல்வனோமானி, கம்பியில் தட்டித் தொடுகிற சாவி. அலுமாரியில் வோல்ற்றுமானி இருக்கையில் ஒரு கலத்தை அளக்க இத்தனை பாடு எதற்கு?

வோல்ற்றுமானியின் முள் அசைய, அளக்கப்படும் கலமே ஓட்டம் கொடுக்கவேண்டும். 1.5 வோல்ற்று, 3 ஓம் அகத்தடை (கலத்தின் உள்ளேயே உள்ள தடை) உள்ள கலத்தில் 300 ஓம் மானியைப் பூட்டினால் ஏறக்குறைய 5 மில்லியம்பியர் ஓடும்; 15 மில்லிவோல்ற்று கலத்துக்குள்ளேயே விழுந்துவிடும். அழுத்தமானியில் சேமிப்புக்கலம் கம்பி நெடுக ஓட்டம் விடும்; சாவி தொடும் இடம்வரை கம்பியில் விழும் அழுத்தம் கலத்தின் அழுத்தத்துக்குச் சமமானால் கல்வனோமானி பூச்சியம் காட்டும். அந்தச் சமநிலையில் கலத்திடம் ஒன்றும் கேட்காது.

கலத்தின் நேர்முனையும் சேமிப்புக்கலத்தின் நேர்முனையும் கம்பியின் ஒரே அந்தத்தில் சேரவேண்டும். முதலில் இரண்டு அந்தங்களிலும் தட்டிப் பார்ப்பது வழக்கம். முள் எதிரெதிராக ஓடினால் சரி. ஒரே பக்கம் ஓடினால் முனை மாறியிருக்கும், அல்லது சேமிப்புக்கலம் இறங்கியிருக்கும். கல்வனோமானியோடு தொடரில் உள்ள பெருந்தடையைச் சமநிலைக்குக் கிட்டப் போன பிறகுதான் குறுஞ்சுற்றாக்கி விலக்கவேண்டும்; முந்தினால் முள் அடிபடும். சாவியை அழுத்தி இழுத்தால் கம்பி தேயும். தேய்ந்த கம்பியில் நீளத்துக்கு நீளம் அழுத்தவீழ்ச்சி ஒத்துவராது. பல பலகைகள் கெட்டது இதனால்தான்.

அழுத்தம் தெரிந்த தானியல் கலம் (1.08 வோல்ற்று) 216.0 சென்ரிமீற்றரிலும் உலர்கலம் 306.0இலும் சமப்பட்டால், உலர்கலம் 1.08 × 306 ÷ 216, அதாவது 1.53 வோல்ற்று. ஒரு மில்லிமீற்றர் பிசகினால் அரை மில்லிவோல்ற்றுத்தான். ஆனால் தானியல் கலத்தின் 1.08 கரைசலின் செறிவோடு சற்று மாறும். பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். திட்டமாக அளந்தவர்கள் வெஸ்ரன் கலம் என்ற நியமக் கலத்தை வைத்தார்கள்: 20 பாகை செல்சியசில் 1.0183 வோல்ற்று. அதிலிருந்து ஓட்டம் எடுக்கவே கூடாது.

இன்றைய கைமீற்றரின், அதாவது இலக்கத்தில் காட்டும் கையடக்க மானியின், தடை வழக்கமாக 10 மெகாஓம். 10 வோல்ற்றுக்குக் குறுக்கே இரண்டு 100 கிலோஓம் தடைகளைத் தொடரில் வைத்து ஒன்றை அளந்தால் 5 வோல்ற்று வரவேண்டும். வோல்ற்றுக்கு 20 கிலோஓம் உள்ள பழைய முள்மீற்றர் 10 வோல்ற்று வீச்சில் 200 கிலோஓம் தடையாகி 4 காட்டும், கைமீற்றர் 4.98. ஆனால் திரையில் மூன்று தசமம் தெரிவதால் மூன்றும் சரியென்று எடுக்கக் கூடாது. கைநூலில் பிழை 0.5 வீதமும் 2 இலக்கமும் (கடைசி இலக்கத்தில் 2) என்றிருந்தால், 2 வோல்ற்று வீச்சில் 1.500 என்பது 9.5 மில்லிவோல்ற்று அங்குமிங்கும் போகலாம். உள்ளே உள்ள பற்றரி இறங்கினால் பல மீற்றர்கள் கூட்டிக் காட்டும்.

கைமீற்றரின் அந்த 10 மெகாஓம் தடைக்கு இன்னொரு குணமும் உண்டு. வீட்டு மின்சாரத்தில், எங்கும் பூட்டாத ஒரு வயர் மின் உள்ள உயிர் வயரோடு பக்கத்தில் ஓடினால், இரண்டு வயருக்கும் இடையிலான கொள்ளளவத்தால் கசியும் சிறு ஓட்டமே கைமீற்றருக்குப் போதும்; பல பத்து வோல்ற்று காட்டும். தடை குறைந்த சோதிப்பானை வைத்தால் அந்த வோல்ற்று மறைந்துவிடும்.