அந்த ஊசிக்கு முன்னால்

தர்மபுரி மாவட்டத்தில் கால்நடை மருத்துவராகச் சேர்ந்த புதிதில் காலை ஐந்தரைக்கே போன் அடிக்கும். "டாக்டரம்மா, மாடு ராத்திரி பிடிச்சு கத்துதுங்க. கண்ணாடி மாதிரி ஒழுகுதுங்க." வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை. பசுவுக்கு 21 நாளுக்கு ஒருமுறைதான் பருவம், அதுவும் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம். சினைப்பையில் முட்டை வளரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் மாட்டைக் கத்த வைக்கிறது, தீனியை மறக்க வைக்கிறது. ஆனால் முட்டை வெளியே வருவது இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. அதனால்தான் காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் மாடு வைத்திருக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் திட்டு ஒன்று உருவாகும். அதிலிருந்து சுரக்கும் புரோஜெஸ்டிரான், கருப்பையை அசையவிடாமல் அமைதியாக வைத்திருக்கும், அடுத்த பருவத்தையும் தள்ளிப்போடும். கரு இல்லையென்றால் 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அந்தத் திட்டைக் கரைத்துவிடும். கரு இருந்தால், கண்ணுக்கு நூல் போலத் தெரியும் அந்தப் பருவத்திலேயே அது ஒரு புரதத்தை அனுப்பித் தாயின் உடம்புக்குச் சொல்லிவிடும்: நான் இருக்கிறேன், கரைக்காதே.

நான் அதைக் கேட்காமல் விட்ட ஒரு நாள் உண்டு.

ஒரே ஒரு கறவை மாட்டை வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அக்கா அவர். "ரெண்டு மாசம் முன்னாடி போட்ட ஊசி நிக்கலங்க, அப்புறம் பருவத்துக்கும் வரலங்க" என்றார். முகாமில் பின்னால் முப்பது மாடுகள் நின்றன. கையுறை போட்டுப் பார்த்தேன். சினைப்பையில் பொத்தான் போல மஞ்சள் திட்டு விரலில் தட்டியது. இதுதான் பருவத்தைத் தடுக்கிறது, கரைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன். எதற்காகத் தடுக்கிறது என்று யோசிக்கவில்லை. கருப்பையை முழுதாகத் தடவிப் பார்க்கவுமில்லை. புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டு அனுப்பினேன்.

நான்காம் நாள் அந்த அக்கா ஒரு வாழை இலைத் துண்டில் வைத்துக் கொண்டு வந்தார். எலிக்குட்டி அளவு. தலை, கால், முதுகு எல்லாம் தெரிந்தது. "இது சினையா இருந்திருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

அன்றிலிருந்து எத்தனை மாடு வரிசையில் நின்றாலும், சினை இல்லை என்று கை உறுதியாகச் சொல்லாமல் அந்த ஊசியை நான் எடுப்பதில்லை.

ஈனும்போதும் அவசரம்தான் எதிரி. பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். நாள் குறிப்பது தாய் இல்லை, கன்று. அதன் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் கார்டிசால் என்ற ஹார்மோன் நஞ்சுக்கொடியின் சுரப்பை மாற்றிவிட, புரோஜெஸ்டிரான் குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. பிரசவத்தைத் தொடங்கி வைப்பது குட்டிதான் என்று 1960களில் செம்மறி ஆடுகளில் காட்டியவர் நியூசிலாந்தின் மகப்பேறு மருத்துவர் லிக்கின்ஸ். குறைமாதத்தில் பிறக்கவிருக்கும் குழந்தையின் நுரையீரல் தேறத் தாய்க்கு இன்று போடும் ஊசியும் அந்த ஆராய்ச்சி வழியில் வந்ததே. ஆட்டுக்கொட்டகையிலிருந்து பிரசவ வார்டுக்குப் போன அறிவு என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

போன மாசி மாதம் பென்னாகரம் பக்கம் ஒரு தலை ஈத்துக் கிடேரி. வாலடியில் குழி விழுந்து, தண்ணீர்க்குடம் தெரிந்து அரைமணிதான் ஆகியிருந்தது. சுற்றிலும் பதினைந்து பேர். "ஊசி ஒண்ணு போட்டு விடுங்கம்மா, சீக்கிரம் வந்துரும்" என்றார் வீட்டுக்காரர். கருப்பையைச் சுருக்கி வலியை ஏற்றும் ஆக்சிடோசினைத்தான் சொல்கிறார். கருப்பை வாய் முழுதாகத் திறக்காமல் அதைப் போட்டால் கருப்பை கிழியலாம், கன்று மூச்சு முட்டிச் சாகலாம். கன்றின் தலை வந்து வாயை அழுத்த அழுத்த, மூளையிலிருந்து அதே ஆக்சிடோசின் தானாகச் சுரக்கும். மிரண்ட மாட்டுக்கு அட்ரினலின் ஏறி வலியே நின்றுபோகும். கன்று நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கூட்டத்தைக் கலையச் சொல்லி, லைட்டையும் அணைக்கச் சொன்னேன். அந்த வீட்டுப் பாட்டி மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு குளம்பும் மூக்கும் வந்தன. கிடேரிக் கன்று. பாட்டி வைக்கோலால் துடைத்து, அப்போதே மடியில் ஊட்டவிட்டார். "ஊட்டினாத்தான் நஞ்சு சீக்கிரம் விழும்" என்றார். கன்று சீம்பாலுக்காக மடியை முட்டும்போது சுரக்கும் ஆக்சிடோசின்தான் கருப்பையையும் சுருக்குகிறது. நான் புத்தகத்தில் படித்ததைப் பாட்டி கொட்டகையில் படித்திருக்கிறார்.

விடிகாலை நாலு மணிக்குப் போன் வந்தது. "விழுந்துருச்சுங்க டாக்டரம்மா. முழுசா விழுந்துருச்சு."