பெரியப்பாவுக்கு வாங்கின 699 ரூபாய் நைட் விஷன்

தாளவாடில பெரியப்பாவுக்கு மூணு ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால் புடிக்கிற நேரம் வந்துட்டா மனுஷன் வீட்ல படுக்கறதே இல்ல, பரண்தான், கூட ஒரு டார்ச்சு, தட்டறதுக்கு ஒரு தகர டப்பா, ஒரு ஃபிளாஸ்க் காப்பி. காட்டுப்பன்னி கூட்டமா எறங்குச்சுன்னா விடியறதுக்குள்ள பாதி காட்ட சாச்சுப்போட்டு போயிடும். நானும் ஏதோ உதவி பண்றேன்னு ஆன்லைன்ல 699 ரூபாய்க்கு "டே அண்ட் நைட் விஷன்"னு போட்டிருந்த பைனாகுலர் ஒண்ண வாங்கி அனுப்புனேன். நாலாவது நாள் போன். "கண்ணு, பகல்ல நல்லாத்தான் தெரியுது, ராத்திரில வெறுங்கண்ணுக்கு தெரியற அளவு கூட தெரியலயே, பட்டன் ஏதாச்சும் அமுக்கோணுமா?"

பட்டனே கிடையாதுங்க அதுல. பேட்டரி போடற எடமும் இல்ல. நைட் விஷன்ங்கறது டப்பா மேல அடிச்ச பெயின்ட் மட்டும்தான்.

பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப அத எடுத்து வெச்சுகிட்டு திண்ணைல உக்காந்து பாத்தேன். மேல 30×60னு போட்டிருக்கு. 30ன்னா எத்தன மடங்கு பெருசா காட்டும்ங்கறது, 60ன்னா முன்னாடி லென்ஸ் குறுக்களவு, மில்லிமீட்டர்ல. பாப்பாவோட ஸ்கேல வாங்கி வெச்சு பாத்தா 21 மி.மீ. கூட தாண்டல. அதுக்கு கீழயே 126மீ/1000மீன்னு வேற, அதாவது ஆயிரம் மீட்டர் தூரத்துல 126 மீட்டர் அகலம் தெரியுமாம், கணக்கு போட்டா அது 7.2 டிகிரி, அத 30 மடங்கு பெருசாக்குனா 216 டிகிரி, அப்ப நம்ம தலைக்கு பின்னாடி இருக்கறதும் தெரியணும். எழுதுனவன் கணக்கு போட்டே பாக்கல போல.

இருட்டுக்கு பைனாகுலர் வாங்கறவங்க ஒரே ஒரு கணக்கு தெரிஞ்சுக்கிட்டா போதும். ரெண்டாவது நம்பர மொத நம்பரால வகுக்கணும். 8×42ன்னா 42ஐ 8ஆல வகுத்தா 5.25. அந்த 5.25 மி.மீ. அகலத்துக்குத்தான் வெளிச்சம் கண்ணுக்குள்ள வருது. பைனாகுலர வானத்துக்கு நேரா நீட்டி, ஒரு முழம் தள்ளி புடிச்சு, கண்ணு வெக்கிற பக்கத்த பாருங்க, உள்ள ஒரு வெள்ளை வட்டம் தெரியும். 699 ரூபாய்ல அது கடுகு சைஸ். நல்ல 8×42ல மிளகு சைஸ். கடைல நின்னுகிட்டே பாத்துக்கலாம், யாரையும் கேக்க வேண்டியதில்ல. அந்த வட்டம் முழு வட்டமா இல்லாம ஓரத்துல கட்டம் கட்டுன மாதிரி வெட்டுப்பட்டு தெரிஞ்சா உள்ள வெளிச்சத்த மடக்கி திருப்பி விடற ப்ரிசம்ங்கற கண்ணாடிக்கட்டி மட்டமானதுன்னு அர்த்தம், நல்ல கண்ணாடிக்கு பேர் பேக்-4 (BaK-4), அப்படி போட்டிருக்கறத தேடுங்க. முன் லென்ஸ் ஆரஞ்சு செவப்புல பளபளன்னு மின்னறத சில பேரு பாத்து மயங்கிடறாங்க, வர்ற வெளிச்சத்துல செவப்ப அப்படியே திருப்பி அனுப்புது, அதான் அந்த மினுமினுப்பு.

அப்ப 7×50 வாங்கினா இன்னும் நல்லாதான இருக்கும், வட்டம் 7 மி.மீ. வருமேன்னு நானும் நெனச்சேன். ஆனா வயசாக ஆக இருட்டுல கண்ணு பாப்பா விரியறது கொறஞ்சுகிட்டே வரும், சின்ன வயசுல 7 மி.மீ. வரைக்கும் போறது பெரியப்பா வயசுல 5 போனாலே பெருசு. மிச்ச வெளிச்சம் பாப்பாவ சுத்தி இருக்கற கருவிழில பட்டு வீணாதான் போகும், வெயிட் மட்டும் கழுத்துல தொங்கும். அதனால 8×42. நிகான் அக்குலான் 8×42, ஒலிம்பஸ் டிபிஎஸ் 8×40 மாதிரி, பறவை பாக்கறவங்க வாங்கற சாதா மாடலே போதும், ஆனா அந்த ரெண்டும் வாட்டர்ப்ரூஃப் கிடையாது, மழைக்கு பைல போட்டுடணும். கண்ணாடி போடறவங்களா இருந்தா ஐ ரிலீஃப், அதாவது கண்ண லென்ஸ்ல இருந்து எவ்வளவு தள்ளி வெச்சாலும் முழுசா தெரியும்ங்கற தூரம், 15 மி.மீ.க்கு மேல இருக்கறதா பாருங்க, இல்லன்னா நடுவுல கொஞ்சூண்டுதான் தெரியும். ஜூம் பைனாகுலர் பக்கம் போகவே போகாதீங்க.

இந்த 8×42 அந்தி கருக்கல்லயும் நெலா வெளிச்சத்துலயும் நல்லா வேலை செய்யுது. ஆனா எந்த பைனாகுலரும் வெறுங்கண்ண விட வெளிச்சமா காட்டாது, பெருசாத்தான் காட்டும், பெருசா தெரியறதால கருப்பா இருக்கறது பன்னியா பொதரான்னு பிரிச்சு பாக்க முடியுது, அவ்வளவுதான். அமாவாசைக்கு ஒண்ணும் உதவாது.

அமாவாசைக்குன்னு ஒரு டிஜிட்டல் ஒண்ணும் வாங்கினோம், ஒம்பதாயிரம் ஆச்சு. அது உண்மைல ஒரு வீடியோ கேமரா, கூடவே கண்ணுக்கு தெரியாத ஐஆர் (இன்ஃப்ராரெட்) வெளிச்சம் அடிக்கற டார்ச்சு, உள்ள ஒரு குட்டி ஸ்க்ரீன். ஐஆர் வெளிச்சத்தோட அலைநீளம் 850 நானோமீட்டர்னா தூரம் போகும், ஆனா எதிர்ல நின்னு பாத்தா பீடி கங்கு மாதிரி லேசா செவப்பா தெரியும், 940ன்னா அதுவும் தெரியாது, தூரம் கொறவு. டப்பால 300 மீட்டர்னு போட்டிருந்துச்சு, எங்க காட்டுல எம்பது மீட்டருக்கு மேல என்ன மிருகம்னே சொல்ல முடியல. பனி எறங்குனா சுத்தம், டார்ச்சு வெளிச்சம் பனில பட்டு திரும்பி வந்து ஸ்க்ரீனே வெள்ளையாயிடும். மொத நாள் பரண் முன்னாடி ஒரு சோளத் தோகை நீட்டிகிட்டு இருந்துச்சு, அது மட்டும் ட்யூப்லைட் மாதிரி எரிஞ்சு பின்னாடி ஒண்ணுமே தெரியல, ஏதோ ரிப்பேர்னு நெனச்சு மறுநாள் திருப்பி அனுப்பற அளவுக்கு போயிட்டேன். தோகைய ஒடிச்சு விட்டதும் சரியா போச்சு. இன்னொண்ணு, ஸ்க்ரீன பாத்துட்டு எடுத்தீங்கன்னா அந்த கண்ணு குருடு மாதிரி ஆயிடும், இருட்டுக்கு திரும்ப பழக இருவது நிமிஷமாவது வேணும். ப்ரைட்னஸ அடியில வெச்சு ஒத்தக்கண்ணுல பாக்கறதுதான் வழி.

மிலிட்டரில வெக்கற, இருக்கற கொஞ்ச வெளிச்சத்த பெருக்கி காட்டற ட்யூப் டைப், உடம்பு சூட்ட வெச்சு காட்டற தெர்மல் இதெல்லாம் நம்ம பட்ஜெட்டே கிடையாது. அமெரிக்கால இருக்கற தம்பிகிட்ட ட்யூப் டைப் வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு ஐடியா பண்ணாதீங்க, லைசென்ஸ் இல்லாம அத அந்த நாட்ட விட்டு வெளிய கொண்டு வர்றதே குத்தம். நம்ம காட்டுக்கு பக்கத்துலயே சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், அதனால இந்த டிஜிட்டல கையில வெச்சுகிட்டு வரப்ப தாண்டி ஒரு அடி கூட போறதில்ல. யானை சத்தம் கேட்டுச்சுன்னா எல்லாத்தயும் கீழ வெச்சுட்டு பரண்லயே கம்முனு இருக்கறது.

அந்த டிஜிட்டல்ல மானு, நாயி எல்லாம் கண்ணு பல்பு மாதிரி எரியுது. பன்னி வந்தப்ப மட்டும் ஒண்ணுமே மின்னல, வெறும் உருவம்தான், நான் ஃபோகஸ திருகிகிட்டே இருந்தேன். பெரியப்பா வாங்கிக்கூட பாக்கல. "பன்னி கண்ணு மின்னாது கண்ணு, டார்ச்சு அடிச்சாலும் அப்படித்தான்"னுட்டு டப்பாவ தட்ட ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் தேடிப் பாத்தேன், மானு, நாயி, மாடு கண்ணுக்கு பின்னாடி வெளிச்சத்த திருப்பி அடிக்கற ஒரு படலம் இருக்காம், பன்னிக்கு அது கிடையாதாம்.