மாதக் கடைசி ஐந்து நாட்கள்

திருகோணமலை டவுனுக்குள் லீசிங், பைனான்ஸ் கொம்பனிகளின் கிளைகள் பல இருக்கின்றன. ஏ.எல். (உயர்தரம்) முடித்த பிள்ளைகள் அரசாங்க வேலை கிடைக்கும் வரைக்கும் என்று உள்ளே போவார்கள். பலருக்கு அதுவே நிரந்தரத் தொழிலாகிவிடும். அப்படி வேலை செய்தவர்களிடம் கொம்பனி எப்படி என்று கேட்டால், பதில் ஒரு ஆளைப் பற்றியதாகத்தான் வரும். மனேஜர் தங்கமான மனிசன், இல்லாவிட்டால் மனேஜரோடு சரிவராது. இது பாதிப் பதில். 10ஆம் திகதி எல்லாருக்கும் பிளேன்ரீ வாங்கிக் கொடுக்கிற அதே மனேஜர்தான் 27ஆம் திகதி கதவைச் சாத்திவிட்டுச் சத்தம் போடுகிறார். இடையில் அவருக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கலெக்ஷன் கணக்குத்தான் நடந்திருக்கும்.

அந்தக் கணக்கு இப்படி. தவணைக் காசை அறவிடப் போகிற ஒரு ரிகவரி ஒபிசரின் கையில் 150 கணக்குகள் இருக்கின்றன, இந்த மாதம் வரவேண்டிய தவணை 18 இலட்சம் என்று வைப்போம். 90 வீதம் டார்கெட் என்றால் 16 இலட்சத்து 20 ஆயிரம் வரவேண்டும். அதற்குமேல் நிலுவைக் கணக்குகளை 30, 60, 90 நாள் என்று ‘பக்கெட்’ பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு கணக்கு 60இலிருந்து 90க்கு உருண்டால் மனேஜருக்குக் கேள்வி. 90ஐத் தாண்டினால் மேலிடத்துக்குக் கேள்வி. 12 மாதத்துக்கும் இதே வீதம், இதே படிக்கட்டு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது திருகோணமலைக்குப் போட்ட கணக்கு இல்லை.

இந்த மாவட்டத்தில் காசு வருகிற மாதம் வேறு, போகிற மாதம் வேறு. கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வயல்காரருக்குப் பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். சிறுபோகம் ஆவணியை ஒட்டி. நிலாவெளி, உப்புவெளியில் ஆட்டோ, வான், படகு ஓட்டுகிறவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் கை நிறையும். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் நவம்பர் முதல் ஜனவரி வரைக்கும் கடற்தொழில் பெரும்பாலும் படுத்துவிடும். டிசம்பர் மாதத்தை எடுத்துப் பாருங்கள்: கடலுக்குப் போக முடியாது, வெள்ளைக்காரர் இல்லை, நெல் இன்னும் வயலில் நிற்கிறது, ஜனவரியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு காத்திருக்கிறது. மழை கொட்டுகிற அந்த மாதம்தான் இங்கே காசுக்குக் கோடை. அதே டிசம்பரில்தான் கொழும்பிலிருந்து வருட முடிவு, ஒரு கணக்கும் உருளக்கூடாது என்று தகவல் வரும். மார்ச் 31இல் நிதியாண்டு முடிகிற கொம்பனிகளுக்கு அந்தக் கடைசி நெருக்கடி அறுவடையோடு ஒத்துப்போகிறது. அது தற்செயல், யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. கடன் கொடுக்கும்போதே தவணையை மாதத்துக்கு மாதம் சமமாக வெட்டாமல், வயல்காரருக்கு அறுவடையோடும் படகுக்காரருக்கு சீசனோடும் சேர்த்து ஏற்றி இறக்கிப் போடலாம். அநேகமான கொம்பனிகளின் கணினி அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதற்குத் தலைமை அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும், பைல் பல நாள் கிடக்கும். கடன் கொடுக்கிற மார்க்கெட்டிங் ஒபிசருக்கும் இந்த மாதம் இத்தனை இலட்சம் கொடுத்து முடிக்கவேண்டும் என்று டார்கெட் உண்டு. ஆகவே சமத் தவணையில் பைலைப் போட்டு, காசைக் கொடுத்து, கொமிஷனை எடுத்துவிடுவார். டிசம்பரில் அந்த வீட்டுப் படலையில் நிற்பது வேறொருவர். கொடுத்தவருக்குப் பரிசு, வாங்கப் போனவருக்கு ஏச்சு: கிளைக்குள் மார்க்கெட்டிங் பகுதியும் ரிகவரி பகுதியும் ஒன்றாக இருந்து சோறு சாப்பிடாததற்குக் காரணம் இதுதான். சில இடங்களில் முதல் 6 தவணையைக் கொடுத்தவரே வாங்கித்தர வேண்டும் என்று ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அங்கே பைல்களின் தரம் தானாகக் கூடும். சண்டையும் குறையும்.

மாதக் கடைசிக்கு வருவோம். 26ஆம் திகதி காலையிலேயே வட்ஸ்அப் குழுவில் தரவரிசை வந்துவிடும். கீழே நிற்கிற கிளைகளின் பெயர் சிவப்பில். பின்னேரம் 6 மணிக்குப் போன் கோல். பேச்சு சிங்களத்தில் நடக்கும். இங்கே வேலை செய்கிற தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் கேட்டால் விளங்கும். ஆனால் முப்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த வாடிக்கையாளர் ஏன் கட்டவில்லை என்பதை அதே மொழியில் நியாயப்படுத்திச் சொல்ல வராது. “ஹரி சேர், ஹெட்ட கன்னங்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நாளைக்கு எடுக்கிறேன் என்று இப்படி வாயால் கொடுத்த வாக்குத்தான் அடுத்தநாள் கழுத்துக்கு வரும். கோலுக்கு முன்னரே கணக்கு இலக்கம், கட்டாத காரணம், கட்டுவதாகச் சொன்ன திகதி மூன்றையும் எழுத்தில் மனேஜருக்கு அனுப்பி வைத்தால், பேச்சில் அவரே அதை எடுத்துச் சொல்வார். நல்ல மனேஜர்மார் இதைக் கேட்டு வாங்குவார்கள்.

30ஆம் திகதி இரவு நடப்பது இதைவிட மோசம். ஒரு கணக்கு உருளாமல் இருக்க ஒரே ஒரு தவணை, 12,500 ரூபாய் குறைகிறது. வீட்டுக்காரர் “தம்பி, 5ஆம் திகதி தாறன்” என்கிறார். ஒபிசர் தன் சம்பளத்திலிருந்து போட்டு, அவர் பெயரில் ரசீது வெட்டிவிடுகிறார். யாரும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை, “எப்படியாவது செய்” என்றுதான் சொல்வார்கள். 5ஆம் திகதி காசு வந்தால் நல்லது. வராவிட்டால், வாடிக்கையாளரின் கையில் ரசீது இருக்கிறது, கொம்பனிப் புத்தகத்தில் கட்டியதாக இருக்கிறது, அந்தக் காசைக் கேட்க ஒபிசருக்கு எந்தத் துண்டும் இல்லை. அடுத்த மாதம் அந்தக் குழியை மூட இன்னொருவர் கட்டிய காசை ஒருநாள் பிந்தி வைக்கத் தொடங்கினால் கதை மாறிவிடுகிறது. ஓடிட் வந்து ரசீதுத் திகதியையும் வங்கியில் போட்ட திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். பிறகு அது கலெக்ஷன் பிரச்சினை இல்லை, கையாடல். அப்போது “எப்படியாவது” என்று சொன்னவர் எவரும் பக்கத்தில் நிற்கமாட்டார்.

ஆகையால் வாங்கிய காசை அன்றைக்கே, நோட்டு வாரியாக எண்ணி எழுதிய தாளோடு கசியரிடம் கொடுத்து முத்திரை வாங்குவதும், ரசீது வெட்டிய உடனே வாடிக்கையாளரின் போனுக்குக் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அங்கேயே பார்ப்பதும் அவரவர் கழுத்துக்கான பாதுகாப்பு. சிக்னல் இல்லாத கிராமங்களில் கைரசீது வெட்டவேண்டி வரும். அந்தப் புத்தகத்தில் பிழைத்துப்போன தாளைக் கிழித்து எறியவே கூடாது. மூலப்பிரதியையும் சேர்த்து ஒட்டி வைக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலே விசாரணைக்குப் போதும்.

பெற்றோல் காசைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. ஆனால் மன உளைச்சலில் பாதி அதில்தான். மோட்டார் சைக்கிள் ஒபிசருடையது. டவுனிலிருந்து கிண்ணியா, மூதூர், தோப்பூர் போய் உள் ஒழுங்கைகளில் சுற்றித் திரும்பினால் 100 கிலோமீற்றர் தாண்டும். லீற்றருக்கு 45 ஓடினாலும் இரண்டே கால் லீற்றர். கொம்பனி வரைபடத்தில் ஊருக்கு ஊர் தூரத்தை மட்டும் அளந்து காசு தரும். ஒரே வீட்டுக்கு இரண்டாம் தரம் போனால் கணக்கில்லை. 2,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில், செம்மண் பாதையில் தேய்கிற டயர், செயின், பிரேக் எல்லாம் சொந்தச் செலவு. மாதம் 2,000க்கு மேல் ஓடுகிற ஆளுக்கு இது சின்னத் தொகையில்லை. பேசி வாங்குவதானால் பெற்றோல் கட்டணத்தைக் கூட்டித்தா என்று கேட்காமல், கிலோமீற்றருக்கு இத்தனை என்று தேய்மானத்தையும் சேர்த்துக் கேட்பதுதான் சரி. மீற்றர் வாசிப்பைக் காலையும் மாலையும் படம் எடுத்து வைத்தால் அந்தப் பேச்சுக்குப் பலம் இருக்கும்.

சம்பளத் துண்டுக்கு வருவோம். கைக்கு 60,000 என்று சொல்லி எடுப்பார்கள். துண்டில் அடிப்படை 32,000, நிலையான படி 18,000, மிச்சம் இன்சென்டிவ் என்றிருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், கொம்பனி 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கொம்பனி மட்டும் 3 வீதம். 32,000க்கு மட்டும் கணக்குப் பார்த்தால் சேமலாப நிதிக்கு மாதம் 6,400 போகும். 50,000க்குப் பார்த்தால் 10,000. மாதம் 3,600 வித்தியாசம், அதில் 2,160 கொம்பனியின் பங்கு. அடிப்படையைச் சின்னதாக வைப்பதன் சூத்திரம் இதுதான். கிரச்சுவிட்டி என்கிற பணிக்கொடையும் இதனால் சுருங்கும்: 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 32,000 என்றால் 5 வருடத்துக்கு 80,000. நாலரை வருடத்தில் திடீரென்று ஒருவரின் வேலையில் குறை கண்டுபிடிக்கப்பட்டால், இந்தக் கணக்கையும் நினைத்துப் பார்க்கலாம்.

வேலை நேரமும் இதே மாதிரிதான். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது: நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்குமேல் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு உரியது வரும். ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் பதவிக்குப் பின்னால் ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று ஒட்டிவிட்டால் ஓ.டி. (மேலதிக நேரக் கொடுப்பனவு) பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது. மாலை 7 மணிக்குப் பிறகுதான் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார் என்பது உண்மை. நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலோ மூதூரிலோ நோன்பு திறக்கிற நேரத்தில் ஒரு ராத்தாவின் வாசலில் போய் நிற்பது மரியாதையில்லை என்பதும் உண்மை. இரவு வேலை தவிர்க்க முடியாதது என்றால் அடுத்தநாள் காலை 8.15 மீட்டிங்கைத் தவிர்க்கலாமே. சில கிளைகளில் கள வேலைக்காரருக்கு வாரத்தில் இரண்டு நாள் 10 மணிக்கு வரச் சொல்கிறார்கள். கலெக்ஷன் குறைந்ததாகத் தெரியவில்லை.

கிளை நல்லதா கெட்டதா என்பதற்கு என் அளவுகோல், ஒருவர் விலகும்போது என்ன நடக்கிறது என்பதுதான். நேரே நீக்கினால் கொம்பனி காரணம் காட்டவேண்டும். வேலை நீக்கம் பற்றிய சட்டம் பொருந்துகிற இடத்தில், ஒழுக்காற்று நடவடிக்கையாக நீக்கினால் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதனால் உள்ளறைக்குள் கூப்பிட்டு, “நீங்களே ரிசைன் லெட்டர் எழுதுங்கோ தம்பி, நல்ல சேவிஸ் லெட்டர் தாறம்” என்பார்கள். எழுதிக் கொடுத்த பிறகு, அது என் விருப்பமில்லை என்று நிரூபிப்பது பெரும்பாடு. அந்த இடத்திலேயே எழுதவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ஒருநாள் அவகாசம் கேட்கலாம். சார்ஜ் ஷீட் (குற்றச்சாட்டுக் கடிதம்) ஆங்கிலத்தில் வந்தால் தமிழில் ஒரு பிரதியும், பதிலுக்குப் போதிய நாளும் எழுத்தில் கேட்கலாம். நீக்கியது நியாயமில்லை என்றால் தொழில் நியாயசபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பேசித் தீர்ப்போம் என்று கொம்பனி இழுத்தடிக்கிற நாளும் அந்த 6 மாதத்துக்குள்தான் ஓடுகிறது.

விருப்பத்தோடு விலகுகிறவர்களும் பைல்களை ஒப்படைக்கும்போது கணக்கு வாரியாக நிலுவையை எழுதி, பொறுப்பேற்கிறவரின் கையெழுத்தை வாங்க வேண்டும். ரசீதுப் புத்தகம், ரசீது மெஷின், அடையாள அட்டை ஒவ்வொன்றுக்கும் தனி வரி. சேரும்போது வாங்கி வைத்த மூலச் சான்றிதழ்களை அன்றைக்கே கேட்க வேண்டும். எல்லாரும் மறப்பது பிணைக்காரரை: வேலைக்குச் சேர மாமாவும் சித்தப்பாவும் போட்ட கையெழுத்து, ஆள் விலகிவிட்டார் என்பதற்காகத் தானாக ரத்தாகாது. பிணை விடுவிக்கப்பட்டது என்ற கடிதத்தை இருவர் பெயரிலும் தனித்தனியாக வாங்கிக்கொண்டுதான் கடைசிச் சம்பளக் கணக்கில் கையெழுத்து வைக்க வேண்டும்.