ஹேண்ட்போல் பிள்ளைகளுக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தது

போன வருடம் ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை பின்னேரம். கொழும்பு வெள்ளவத்தையில் நான் பிள்ளைகளுக்கு ஹேண்ட்போல், அதாவது பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் விளையாட்டு, பழக்கும் சீமெந்துக் கோர்ட்டில் தரம் 10 படிக்கும் பிள்ளை ஒருத்தி, இடது பக்கம் போவது போலக் காட்டிவிட்டு வலது பக்கம் சட்டென்று வெட்டித் திரும்பினாள். யாரும் அவளைத் தொடவில்லை. முன்னால் நின்றவளுக்கும் இவளுக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. ஊன்றிய இடது பாதம் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்கால் உள்பக்கமாக மடிந்ததைக் கண்ணால் கண்டேன்.

“மிஸ், உள்ளுக்க ஏதோ டக் எண்டுச்சு” என்றாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது முழங்கால் எலும்புகளை உள்ளே சேர்த்துப் பிடிக்கும் ஏ.சி.எல். லிகமென்ட் முழுதாக அறுந்திருந்தது. டிசம்பரில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒன்பது மாதத்துக்கு முன் கோர்ட்டில் இறக்கவே கூடாது என்று பிசியோ சொல்லிவிட்டார். “பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இப்பிடி ஒரு விளையாட்டுத் தேவையா மிஸ்?” என்று தாய் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. கெட்ட காலம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவள் ஒஸ்லோவில் இருக்கும் என் மச்சாள். அவளுடைய மகள் அங்கே ஒரு கழகத்தில் ஹேண்ட்போல் விளையாடுகிறாள். நான் போனில் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி: “நீங்கள் வோர்ம்-அப்பில என்ன செய்யிறனீங்கள்?” கோர்ட்டைச் சுற்றி நாலு ரவுண்டு ஓட்டம், கை சுழற்றல், கால் நீட்டல் என்றேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

பிறகுதான் சொன்னாள், நோர்வேயில் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று. 120 ஹேண்ட்போல் கழகங்களைச் சேர்ந்த, 15 முதல் 17 வயது வரையான 1,837 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் 15–20 நிமிட வோர்ம்-அப் ஒன்றைக் கொடுத்தார்கள். வெட்டி ஓடுவது, குதித்து இறங்குவது, சமநிலை, தொடைப் பலம், இவ்வளவுதான் அதில். ஒரு பருவம் முடிந்தபோது அந்தப் பிரிவில் முழங்கால், கணுக்கால் காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. முடிவு 2005இலேயே வெளிவந்துவிட்டது. இத்தனை வருடம் எனக்கு அது தெரியாமல் போனதை நினைத்து அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

என் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வலைப்பந்தில் இருந்து வந்தவர்கள். இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, வலைப்பந்துதான் இவர்களுக்கு முதல் காதல். (ஹேண்ட்போலைக் கைப்பந்து என்று எழுதினால் தமிழ்நாட்டவர் வொலிபோல் என்று எடுத்துக்கொள்வார்கள், நாங்கள் அதைக் கரப்பந்து என்போம். அதனால்தான் ஹேண்ட்போல் என்றே எழுதுகிறேன்.) வலைப்பந்தில் பந்தைப் பிடித்து இறங்கிய காலைத் தூக்கி மறுபடி ஊன்ற ஏலாது. அதனால் சட்டென்று விறைப்பாக நின்றே பழகிவிடுகிறார்கள். ஹேண்ட்போலில் பந்தோடு மூன்று அடி எடுத்துவைக்கலாம். ஆனால் கோலுக்கு முன்னால் இருக்கும் 6 மீட்டர் கோட்டுக்கு வெளியில் இருந்து எழும்பி, உள்ளே பறந்து எறிந்துவிட்டு, பெரும்பாலும் ஒற்றைக் காலில்தான் இறங்குகிறோம். அந்தப் பழைய விறைப்பு இங்கே ஆபத்து. எறிவதை மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த நான் இறங்குவதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

ஜனவரியில் புதிதாகத் தொடங்கினோம். முதலில் ஒவ்வொருத்தியும் குதித்து இறங்குவதை என் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டினேன். பதினாறு பேரில் ஒன்பது பேருக்கு முழங்கால் உள்ளே சாய்ந்தது. “ஐயோ, இது நானா மிஸ்?” என்று ஒருத்தி போனைப் பறித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முழங்கால் கால்விரலுக்கு நேரே இருக்க வேண்டும், இடுப்பும் முழங்காலும் மடிய வேண்டும், முடிந்தவரை இரண்டு காலில் இறங்க வேண்டும் என்று நூறு தரம் சொல்வதைவிட அந்த ஒரு வீடியோ கெதியாக விளங்கவைத்தது.

அடுத்தது சத்தம். நான் கோர்ட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அவர்கள் ஒவ்வொருத்தராக ஓடிவந்து, எழும்பி, எறிந்து, இறங்குவார்கள். “தொப்” என்று கேட்டால் கையைத் தூக்குவேன், அவள் திரும்பச் செய்ய வேண்டும். சீமெந்துத் தரை எதையும் மறைக்காது. பெப்ரவரி கடைசியில் சில பேர் இறங்கினது எனக்குத் தெரியாமலே போகத் தொடங்கியது. அப்புறம் மெத்தைத் துண்டின் மேல் ஒற்றைக் காலில் நின்று பந்து பரிமாறுவது, முழந்தாளிட்டு நிற்பவளின் கணுக்காலை இன்னொருத்தி பிடிக்க, அவள் மெல்ல முன்னால் சாய்வது. தொடையின் பின்பக்கத்துக்கான இந்தக் கடைசிப் பயிற்சியைப் பிள்ளைகள் முதல் வாரம் வெறுத்தார்கள், நடக்கவே நோகுதாம். கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருக்க வேண்டும். அது என் பிழை.

தோள் விஷயத்திலும் பிழை விட்டிருந்தேன். எங்களிடம் இருந்ததெல்லாம் 2ஆம் அளவுப் பந்து, 54–56 சென்ரிமீட்டர் சுற்றளவு. 14 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்குரியது 50–52 சென்ரிமீட்டர் உள்ள 1ஆம் அளவு. சின்னக் கைக்குள் அடங்காத பந்தைத் தோளால் தள்ளித் தள்ளித்தான் எங்கள் பன்னிரண்டு வயதுக்காரிகள் “தோள் நோகுது மிஸ்” என்று சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் காசு சேர்த்து ஆறு பந்து வாங்கித் தந்தார்கள்.

கோல்கீப்பரின் தலையில் பந்து பட எறிந்தால் எங்கள் பயிற்சியிலும் இரண்டு நிமிடம் வெளியே. 2022இல் சர்வதேச விதியிலேயே அது வந்துவிட்டது. தரை ஈரமென்றால் வெட்டி ஓடும் பயிற்சி எதுவும் இல்லை, உட்கார்ந்து பந்து பிடிப்போம். தேய்ந்த கென்வஸ் சப்பாத்தோடு வருகிறவளைத் திருப்பி அனுப்ப மனம் வராது, ஆனால் அன்றைக்கு அவள் குதிக்க மாட்டாள்.

காயம்பட்ட பிள்ளை மார்ச் முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறாள். தாயும் கூட வந்து வாங்கில் இருப்பார். இப்போது கோர்ட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பது அவள்தான். என்னைவிடக் கூர்மையான காது, யாரையும் சும்மா விடுவதில்லை. அடுத்த மாதம் பிசியோவிடம் அவளுக்கு ஒற்றைக்கால் தாவல் சோதனை. நல்ல கால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதமாவது மற்றக் கால் தாண்ட வேண்டும். போன தடவை 81. கோர்ட்டின் ஓரத்தில் சோக்கட்டியால் அவள் போட்ட கோடு இன்னும் இருக்கிறது, மழை பெய்தால் திரும்பப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள்.